'செக்' என்றொரு சொல்

ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கு ஒரு கட்டுரையையோ கதையையோ கொண்டுவர முயன்றவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். நீண்ட, கடினமான சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. அகராதியைப் புரட்டினால் அவற்றுக்குப் பெரும்பாலும் ஓர் அர்த்தம், மிஞ்சினால் இரண்டு அர்த்தம் இருக்கும். எழுதிவிட்டு அப்பால் போய்விடலாம். அலைக்கழிப்பவை சின்னஞ்சிறு சொற்கள்தான். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்லுக்கு அகராதியில் பத்தி பத்தியாக விளக்கம் இருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாது.

அத்தகைய சொல் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். அது 'செக்' என்ற சொல்.

இதற்கு ஆங்கிலம் படித்திருக்கவேண்டியதில்லை. வங்கியிலே செக் மாற்றுகிறோம். கணக்கைச் செக் பண்ணுகிறோம். கட்டம் போட்ட துணியைச் செக் துணி என்கிறோம். சதுரங்கம் விளையாடும் பிள்ளை 'செக்!' என்று சத்தமிடுகிறது. வீதியிலே பஸ்ஸை மறித்துச் செக் பண்ணுகிறார்கள். ஐந்து இடங்களிலும் ஒரே ஒலி. தமிழ் எழுத்திலும் ஒரே வடிவம்.

இவை தற்செயலாக ஒரே ஒலி பெற்ற வெவ்வேறு சொற்களா? அல்ல. ஐந்தும் ஒரே சொல். (செக் நாடு இதில் சேராது, அது ஸ்லாவிய இனத்தவர் ஒரு பிரிவினரின் பெயர். நமது எண்ணெய்ச் செக்கும் இதில் சேராது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.) பணம் எடுக்கும் தாளுக்கும், கட்டம் போட்ட சட்டைக்கும், சதுரங்கப் பிள்ளையின் கூச்சலுக்கும், பஸ்ஸை நிறுத்துவதற்கும் என்ன உறவு என்பதுதான் இன்றைய விஷயம்.

கதை நமது பக்கத்திலேயே தொடங்குகிறது. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு அங்கங்களைக் கொண்ட படைக்குச் சமஸ்கிருதத்தில் சதுரங்கம் என்று பெயர். அந்தப் படையை ஒரு பலகையில் நிறுத்தி ஆடும் ஆட்டம் கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் இருந்து பாரசீகத்துக்குப் போயிற்று. அங்கே அதன் பெயர் 'சத்ரங்' ஆயிற்று. இந்திய அரசன் ஒருவன் பாரசீக மன்னனின் சபைக்கு இந்த ஆட்டத்தை ஒரு புதிராக அனுப்பினான் என்றும், அங்கிருந்த மந்திரி அதை விடுவித்தான் என்றும் பாரசீகர் கதை சொல்வர். பிர்தௌசியின் 'ஷாநாமா' என்ற மாகாவியத்திலும் இக்கதை உண்டு. 7ஆம் நூற்றாண்டில் அராபியர் பாரசீகத்தை வென்றபோது இந்த ஆட்டமும் அவர்கள் கைக்கு வந்தது. அரபு மொழியில் 'ச' என்ற வல்லொலியும் 'க' என்ற மெல்லோசையும் பாரசீகத்தில் இருப்பதுபோல இல்லாமையால், சத்ரங் 'ஷத்ரஞ்' என மாறியது.

ஆட்டத்தின் பெயர் இப்படிப் பயணம் செய்ய, ஆட்டத்துக்குள்ளே இருந்த ஒரு கூவல் தனியாகப் பயணம் செய்தது. எதிரியின் அரசனைத் தாக்கும் நிலையில் ஒருவர் காயை வைத்தால், 'ஷா!' என்று சொல்லவேண்டும். ஷா என்றால் பாரசீக மொழியில் அரசன். 'உமது அரசன் ஆபத்தில் இருக்கிறான், கவனியும்' என்பதே அதன் பொருள். அரசன் தப்ப வழியே இல்லை என்றால் 'ஷா மாத்'. இதை 'அரசன் இறந்தான்' என்று பலர் விளக்குவதுண்டு. அரபு மொழியில் மாத் என்பதற்கு இறத்தல் என்ற பொருள் இருப்பதனால் வந்த விளக்கம் அது. பாரசீகத்தில் அச்சொல்லுக்குச் செயலற்றவன், திகைத்து நிற்பவன் என்ற பொருள் உண்டு. இதுவே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சதுரங்கத்தில் அரசனை யாரும் வெட்டுவதில்லையே. அவன் நின்ற இடத்தில் நிற்கிறான். போக இடமில்லை, அவ்வளவுதான். ரஷ்யர் இந்த ஆட்டத்தையே இன்றும் 'ஷாக்மத்தி' என்று அழைக்கிறார்கள்.

அராபியர் வழியாக ஸ்பெயினுக்கும் சிசிலிக்கும் போன ஆட்டம் ஐரோப்பா எங்கும் பரவியது. ஷா என்ற சொல் லத்தீனில் 'ஸ்காக்கஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, நோர்மானியருடன் ஆங்கிலத்துக்கு வந்து முன்னெழுத்தை உதிர்த்து 'செக்' ஆயிற்று. பழைய பிரெஞ்சில் அதன் பன்மை வடிவமே ஆங்கிலத்தில் 'செஸ்' என்று நிலைத்தது. ஆக, செஸ் என்பதும் செக் என்பதும் ஒரே சொல்லின் பன்மையும் ஒருமையும். 'அரசர்கள்' என்பது ஆட்டத்தின் பெயர். 'அரசனே' என்பது ஆட்டத்தில் எழும் கூவல்.

ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்படும் சோசர், இந்தச் சொல்லைத் தம் இளமைக்காலக் கவிதை ஒன்றில் கையாளுகிறார். 1368இல் இறந்துபோன ஒரு சீமாட்டியை நினைந்து எழுதப்பட்ட நீண்ட கவிதை அது. கறுப்புடை அணிந்த வீரன் ஒருவன் காட்டில் அமர்ந்து புலம்புகிறான். விதி என்னோடு சதுரங்கம் ஆடி, வஞ்சகமாக என் காயைப் பறித்து, என்னைத் தோற்கடித்துவிட்டது என்கிறான். அவன் குறிப்பிடும் காய்க்கு அன்றைய பெயர், மந்திரியைக் குறிக்கும் கிழக்கத்தியச் சொல்லில் இருந்து வந்தது. ஐரோப்பாவில் அந்த மந்திரி ராணியாகிவிட்டார். கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு விளங்கவில்லை. ஒரு சதுரங்கக் காய்க்காக யாராவது இவ்வளவு துயரப்படுவார்களா என்று கேட்கிறான்! சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான் உண்டு என்று பிடிவாதமாக இருப்பவர்களைச் சோசர் அன்றே பார்த்திருக்கிறார் போலும்.

இனி, இந்தச் சொல் பலகையை விட்டு இறங்கிய கதைக்கு வருவோம். என் அபிப்பிராயத்தில் இதுதான் மிகச் சுவையான பகுதி.

இங்கிலாந்தில் நோர்மானிய மன்னர்கள் ஆண்ட காலம். ஒவ்வொரு பிரதேசத்திலும் மன்னனுக்கு உரிய வருமானத்தைச் சேகரிப்பவர் ஷெரிப் என்ற அதிகாரி. அவர் ஆண்டுக்கு இருமுறை, உயிர்த்த ஞாயிறு காலத்திலும் செப்ரெம்பர் இறுதியில் வரும் மைக்கேல் திருநாளை ஒட்டியும், மன்னனின் திறைசேரிக்குக் கணக்குக் காட்ட வரவேண்டும். அங்கே என்ன நடந்தது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் பிட்ஸ்நீல், 1170களின் பிற்பகுதியில் லத்தீன் மொழியில் அதை ஒரு நூலாகவே எழுதிவைத்தார். ஆசிரியனும் மாணவனும் உரையாடும் பாணியில் அமைந்தது அந்நூல்.

ஏறக்குறைய பத்தடி நீளம், ஐந்தடி அகலம் கொண்ட மேசை. வைத்தது எதுவும் கீழே விழாதபடி அதன் ஓரம் நான்கு விரற்கிடை உயர்த்தப்பட்டிருக்கும். மேலே ஒரு கறுப்புத் துணி. அதில் ஓரடி அல்லது ஒரு சாண் இடைவெளி விட்டுக் கோடுகள். கோடுகளுக்கு இடையே பென்ஸ் ஒரு நிரலில், சில்லிங் அடுத்த நிரலில், பிறகு பவுண், இருபது, நூறு, ஆயிரம். ஷெரிப் எவ்வளவு கட்டவேண்டும் என்பதை வில்லைகளால் மேலே அடுக்குவார்கள். அவர் கொண்டுவந்த தொகையை அதன் கீழே அடுக்குவார்கள். மேலதில் இருந்து கீழதைக் கழித்தால் மிச்சம் கண்முன்னே தெரியும்.

ஏன் இந்தச் சிரமம்? அவர்கள் எழுதியது ரோமன் எண்களில். அவற்றில் பூச்சியம் இல்லை; இடமதிப்பு இல்லை. அவற்றை எழுதிவைக்கலாமே தவிர, எளிதில் கூட்டிக் கழிக்க முடியாது. கோடு போட்ட துணி அந்த இடமதிப்பைத் தந்தது. வெறுமையாக விடப்பட்ட கட்டமே பூச்சியம். எழுத வாசிக்கத் தெரியாத ஷெரிப்பும், தான் ஏமாற்றப்படவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இதே காலத்தில் இந்தியக் கணிதத்தில் பூச்சியம் பல நூற்றாண்டுப் பழைமை பெற்றிருந்தது. சதுரங்கம் இங்கிலாந்தை அடைந்துவிட்டது, பூச்சியம் இன்னும் போய்ச்சேரவில்லை!

அந்த மேசைக்குச் 'ஸ்காக்காரியம்' என்று பெயர். அதாவது சதுரங்கப் பலகை. ஏன் இந்தப் பெயர் என்று நூலில் மாணவன் கேட்கிறான். துணி சதுரங்கப் பலகையைப் போல இருப்பதனால் என்று ஆசிரியன் பதில் சொல்கிறான். அத்தோடு நிற்கவில்லை. பலகையில் இரு தரப்பார் போரிடுவதுபோல, இங்கே பொருளாளரும் ஷெரிப்பும் மோதுகிறார்கள், மற்றவர்கள் நடுவராக இருந்து பார்க்கிறார்கள் என்றும் விளக்குகிறான். ஸ்காக்காரியமே ஆங்கிலத்தில் 'எக்ஸ்செக்கர்' ஆயிற்று. பிரித்தானிய நிதி மந்திரியின் பதவிப்பெயர் இன்றும் 'சான்சலர் ஒஃப் த எக்ஸ்செக்கர்'. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அவர் சதுரங்கப் பலகையின் அதிபர்.

இந்த மேசையிலே சொல்லின் பொருள் திரும்பியது. பாரசீகத்தில் அரசனுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. இங்கே அரசனின் ஆள், தனக்குக் கீழே உள்ளவனை நிறுத்தி, 'உன் கணக்கைக் காட்டு' என்கிறான்.

பணம் கட்டியவருக்குப் பற்றுச்சீட்டாகக் கிடைத்தது தாள் அல்ல, ஒரு தடி. அதில் தொகைக்கு ஏற்ப வெட்டுக் கீறுவார்கள். ஆயிரம் பவுணுக்கு உள்ளங்கைத் தடிப்பில் ஒரு வெட்டு. நூறுக்குக் கட்டைவிரல் அளவு. இருபதுக்குச் சுண்டுவிரல் அளவு. ஒரு பவுணுக்கு ஒரு வாற்கோதுமை மணி அளவு. பிறகு தடியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி. சந்தேகம் வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். வெட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தினால் கணக்குச் சரி.

இந்தத் தடிகளின் முடிவு வேடிக்கையானது. தாளும் மையும் வந்த பிறகும் எக்ஸ்செக்கர் அவற்றைக் கைவிடவில்லை. 1826இல்தான் இந்த முறை ஒழிந்தது. எஞ்சிய தடிகளை 1834 ஒக்ரோபர் 16ஆம் திகதி பிரபுக்கள் சபையின் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். அடுப்பு அளவுக்கு மீறிச் சூடேறிப் பாராளுமன்றக் கட்டடமே எரிந்துபோயிற்று. தேம்ஸ் நதியோரம் இன்று நாம் படங்களில் காணும் பாராளுமன்றம் அதன்பின் கட்டியது. சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1855இல் ஆற்றிய உரையொன்றில் இந்தச் சம்பவத்தைச் சொல்லி, அரசாங்க உத்தியோகத்தரின் பழைமைப் பிடிவாதத்தை நன்றாகக் கிண்டல் செய்தார்.

இரு பாதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற எண்ணம் தடியோடு எரிந்துபோகவில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் செக் என்ற வினைச்சொல்லுக்குச் சரிபார்த்தல் என்ற பொருள் வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எக்ஸ்செக்கர் உண்டியல்களின் அடிக்கட்டைக்குச் செக் என்று பெயர். மோசடியைத் தடுக்க அந்த அடிக்கட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிறகு அடிக்கட்டை உள்ள தாளுக்கே அப்பெயர் வந்தது. அதுதான் நமது காசோலை.

அராபிய வணிகர்கள் இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே 'சக்' என்ற பணக் கட்டளைச் சீட்டைக் கையாண்டார்கள் என்பது உண்மை. ஆங்கிலச் செக் அதில் இருந்தே வந்தது என்று எழுதுபவர்களும் உண்டு. ஒலி ஒற்றுமை கவர்ச்சியானதுதான். ஆனால் ஆங்கிலச் சொல்லின் படிகள் ஒவ்வொன்றும் ஆவணங்களில் இருக்கும்போது, ஒலியை மட்டும் நம்பி வேறு பாதையில் போகத் தேவையில்லை.

காசோலைக்கு மட்டும் வேறு எழுத்துக்கூட்டல் ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். தொடக்கத்தில் வேறுபாடு இருக்கவில்லை. கில்பார்ட் என்ற வங்கியாளர் 1828இல் வெளியிட்ட வங்கியியல் நூலில், குழப்பம் வராமல் இருக்கவும் எக்ஸ்செக்கர் என்ற சொல்லோடு ஒத்திருக்கவும் புதிய எழுத்துக்கூட்டலை ஆதரித்தார். பிரித்தானியர் அதை ஏற்றனர். அமெரிக்கர் பழையபடியே எழுதுகிறார்கள். ஆக ஆங்கிலேயர் எழுத்தால் பிரித்துவைத்த இரண்டையும், தமிழில் 'செக்' என்று எழுதும் நாம் நம்மை அறியாமலே திரும்பச் சேர்த்துவைத்திருக்கிறோம்.

துணி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் உள்ள துணி செக் துணி. இதில் நமக்கும் பங்குண்டு. சென்னையைச் சூழ்ந்த ஊர்களில் நெய்த கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிகள் மேற்கு ஆபிரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போயின. அந்தச் சந்தைக்காக மன்செஸ்ரர் நெசவாளர்கள் 18ஆம் நூற்றாண்டிலே அதைப் பார்த்து நெய்தார்கள். மலாய் மக்கள் கட்டம் போட்ட சாரத்தை இன்றும் 'காயின் பெலேக்காட்' என்கிறார்கள். அந்தப் பெலேக்காட் வேறொன்றுமல்ல, சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு. நமது நாட்டில் பலயகாட் சாரம் என்பதும் அதுவே.

சரி, ஷேக்ஸ்பியரிடம் வருவோம். அவருடைய 'புயல்' நாடகத்தின் இறுதிக் காட்சியில் திரை விலக, காதலர் இருவரும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். செக் என்ற சொல்லையோ அவர் பெரும்பாலும் பலகைக்கு வெளியேதான் கையாளுகிறார். 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் பருத்த உடலன் போல்ஸ்டாப் வாயில் அதற்குக் கண்டிப்பு என்று பொருள். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் அது வேட்டைக்காரரின் சொல். பழக்கிய வல்லூறு, துரத்திய இரையை விட்டுவிட்டு, எதிர்ப்பட்ட வேறு பறவையின் பின்னே திரும்பினால் அதற்கும் செக் என்றே சொன்னார்கள். ஹம்லெற் கடற்பயணத்தை இடையில் விட்டுத் திரும்பியதைச் சொல்லும் இடத்தில் குளோடியஸ் அரசனும் இந்த வேட்டைச் சொல்லையே பயன்படுத்துகிறான். இந்த இடங்களில் 'சரிபார்' என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள். அந்த அர்த்தம் ஷேக்ஸ்பியர் இறந்த பிறகுதான் பெருவழக்காயிற்று. ஒரு சொல்லின் பொருள்களை அறிந்தால் மட்டும் போதாது. எந்தப் பொருள் எப்போது வந்தது என்பதும் மொழிபெயர்ப்பாளனுக்குத் தெரியவேண்டும் என்பது இதனால்தான்.

அரசியல் கட்டுரைகளில் இதைவிடப் பெரிய விபத்து நேர்கிறது. 'செக்ஸ் அன்ட் பலன்சஸ்' என்ற தொடர் அமெரிக்க அரசியலமைப்பு உருவான 1780களில் வழக்குக்கு வந்தது. அதற்கு முன்பே, அதிகாரத்தை அதிகாரத்தாலேயே நிறுத்தவேண்டும் என்ற கருத்தை 1748இல் பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியூ வெளியிட்டிருந்தார். இந்தத் தொடரைச் 'சரிபார்த்தலும் சமப்படுத்தலும்' என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ கணக்காளர் வேலை போல் இருக்கிறது. இங்கே செக் என்றால் தடை. அதிகாரத்தில் உள்ளவரைப் பார்த்து, 'இதற்கு மேல் போக முடியாது, உமது கட்டத்தைக் கவனியும்' என்று பாராளுமன்றமோ நீதிமன்றமோ சொல்வது. பாரசீகப் பலகையில் எழுந்த அதே கூவல். அரசனை நோக்கிச் சொல்லப்படுவது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் வாழும் நமக்கு இது வெறும் மொழிப் பிரச்சினை அல்ல. அந்தத் தடைகளை 2001இல் 17ஆவது திருத்தம் கொண்டுவந்தது, 2010இல் 18ஆவது அகற்றியது, 2015இல் 19ஆவது மீட்டது, 2020இல் 20ஆவது மறுபடி பலவீனப்படுத்தியது, 2022இல் 21ஆவது ஓரளவு திருப்பித் தந்தது. இத்தனை ஆண்டு நடந்த இந்த விவாதத்தை, 'தடை' என்ற எளிய சொல்லை விட்டுச் 'சரிபார்த்தல்' என்ற சொல்லால் ஒரு தமிழ் வாசகன் விளங்கிக்கொள்ள முடியுமா?

கடைசியாக, இந்தச் சொல் வீதிக்கு வந்த விதம். 'செக் பொயின்ற்' என்றதும் உலகம் நினைப்பது பேர்லின் நகரத்துச் 'செக்பொயின்ற் சார்லி'யை. 1961இல் மதில் எழுந்தபோது அமைந்த அது, மேற்கு நாட்டு நேசப் படையினரின் சோதனை நிலைகளில் மூன்றாவது. ஆங்கில அகரவரிசையின் மூன்றாம் எழுத்துக்கு இராணுவத்தினர் சொல்லும் பெயர் சார்லி. 1961 ஒக்ரோபரில் அமெரிக்க, சோவியத் யுத்தத் தாங்கிகள் அங்கே நேருக்கு நேர் நின்றன. 1990 ஜூன் மாதத்தில் அந்தச் சாவடியைத் தூக்கி அகற்றினார்கள்.

நமக்கு அது பேர்லினில் மட்டும் இருந்த சொல் அல்ல. யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலும் கொழும்பிலும் எழுத்தறியாத பாட்டிமாருக்கும் அது தெரியும். பலகைகளில் எழுதப்பட்டது 'சோதனைச் சாவடி' என்று. சாவடி என்பது நமது பழைய சொல். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். 'சவுல்ற்றி' என்று ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டதும் இதையே. இளைப்பாறும் இடத்தின் பெயரை அந்த இடத்துக்கு வைக்க மக்களுக்கு மனம் வரவில்லையோ என்னவோ, அவர்கள் 'செக்பொயின்ற்' என்றார்கள், அல்லது 'சென்றி' என்றார்கள். பஸ்ஸில் இருந்து இறங்கி, பொதிகளைத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடப்பதற்குப் பெயர் 'செக்கிங்'. தடுத்தல், கண்டித்தல், ஒப்பிட்டுப் பார்த்தல் என்று இந்தச் சொல் வழியிலே சேர்த்துக்கொண்ட அர்த்தங்கள் எல்லாம் அந்த ஒரு வரிசையில் இருந்தன. சொல்லப்படுபவர் மட்டும் அரசன் அல்லர்.

ஏ-9 வீதியில் ஓமந்தைச் சோதனைச் சாவடி, யுத்தம் முடிந்து ஆறு ஆண்டுகளின் பின்னர், 2015இல் அகற்றப்பட்டது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்து வீதிகளில் மீண்டும் தடைகள் வைக்கப்பட்டபோது, 'முன்னுக்குச் செக்கிங் இருக்குதாம்' என்ற பழைய வசனத்தைப் பஸ்களில் திரும்பவும் கேட்கக்கூடியதாக இருந்தது.